வெற்றிலை வாங்காத வக்கீல்

ஒரு மனிதன் கோர்ட்டில் ஒன்றைச் சொல்கிறான். ஓட்டுக் கேட்க வரும்போது அதற்கு நேர் எதிராக ஒன்றைச் சொல்கிறான். இரண்டையும் பொய் என்று தள்ள முடியவில்லை என்றால், அவன் உண்மையில் சொன்னது எது? நெட்டூரணி திருப்பதி வக்கீலைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எப்போதாவது வந்துபோயிருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வக்கீல் என்றால் அப்படித்தான், அரசியல்வாதி என்றால் அப்படித்தான் என்று இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. கீழக்கிடை அழகுத்தாய்க்கு மட்டும் அந்தப் பதில்கள் போதவில்லை. அவள் தினமும் நடந்துபோக வேண்டிய வழி அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டிருந்தது.

நெட்டூரணி, இடைசெவலுக்கும் கடம்பூருக்கும் நடுவில் தார்ரோட்டை ஒட்டிய ஊர். டவுன் பஸ் அங்கே வந்து திரும்பிவிடும். அதற்குக் கிழக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் காடு. இந்தப் பக்கம் காடு என்றால் மரங்கள் இல்லை. மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற கரிசல் நிலம்தான் காடு. அதைத் தாண்டி, ஓடைக்கரை மேட்டில் இருப்பது கீழக்கிடை. எப்போதோ ஆட்டுக்கிடை போட வந்தவர்கள் திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட இடம். வீடுகள் கொஞ்சம், ஆடுகள் ஏராளம்.

பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் அவர்கள் நெட்டூரணிக்கு வந்தாக வேண்டும். நடுவில் கிடந்த பெரிய காடு ஒருவருடையது. ஊரில் அவரைப் பெரியவர் என்பார்கள். பலசரக்குக் கடையில் தொடங்கி, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தொழிற்சாலை வைக்கிற அளவுக்கு வளர்ந்தவர். அவர் காட்டின் குறுக்கே, ஒரு வண்டி போகிற அகலத்துக்கு, உழாமல் விட்ட துண்டு ஒன்று இருந்தது. அதுதான் பாதை.

அந்தப் பாதைக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் ஆடி மாதம், காட்டில் ஏர் இறங்குவதற்கு முன்னால், கீழக்கிடைப் பெண்கள் பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு பெரியவர் கடைக்குப் போவார்கள். "காடு உழப் போறீகளாமே" என்பார்கள். அவர் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "நடந்துக்கோங்க தாயி" என்பார். உழவுக்காரனும் அந்தத் துண்டை விட்டுவிட்டு உழுவான். முதலில் அழகுத்தாயின் மாமியார் தட்டைச் சுமந்தாள். அவள் காலத்துக்குப் பிறகு அழகுத்தாய் சுமந்தாள். அதில் அவளுக்குப் பெருமை இருந்தது. கீழக்கிடைக்கு ஒரு பத்திரம் இருக்கிறது, அதைத் தான்தான் வருஷா வருஷம் புதுப்பித்து வாங்கி வருகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் முதல் தடவை தட்டைத் தூக்கிக்கொண்டு போன அன்று, கடையில் மூட்டைமேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான் திருப்பதி. மதுரையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவன், லீவுக்கு வந்திருந்தான். பெண்கள் நகர்ந்ததும் அவன் பெரியவரிடம் கேட்டது அழகுத்தாய் காதில் விழுந்தது.

"வருசா வருசம் கேட்டுத்தான் நடக்கணுமா மாமா?"

"கேக்கதுல அவியளுக்கு என்னலே குறைஞ்சு போச்சி?" என்றார் பெரியவர். "எனக்குத்தான் வெத்தல மிச்சம்."

திருப்பதி சிரித்தான். அழகுத்தாயும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

திருப்பதியின் வீடு சம்சாரி வீடு, விவசாயம்தான் பிழைப்பு. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்ந்து ஊருக்குத் தெற்கே ஒரு காடு இருந்தது. மழை பெய்தால் சோறு, இல்லையென்றால் கடன் என்கிற வகை நிலம். படித்து முடித்த திருப்பதி கோவில்பட்டியில் ஒரு சீனியரிடம் சில வருஷம் பையைத் தூக்கிவிட்டு, பிறகு தனி ஆபீஸ் போட்டார். கீழே கடலை மிட்டாய்க் கடை, மேலே வக்கீல் ஆபீஸ். வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசனை கேஸ் கட்டுகளில்கூட ஏறியிருக்கும். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கிணற்றுப் பங்கு என்று காட்டுச் சனங்களின் வழக்குகள் அவரிடம் வந்தன.

அவர் பெரிய வக்கீல் என்று சொல்ல முடியாது. சட்டப் புத்தகத்தை அவரைவிட நன்றாகப் படித்தவர்கள் அந்தக் கோர்ட்டில் உண்டு. ஆனால் அவருக்கு ஒரு முறை இருந்தது. எதிர்த்தரப்புச் சாட்சியை மிரட்டமாட்டார், மடக்கமாட்டார். பேசவிடுவார். ஊர்க்காரர்களுக்கு எதைப் பற்றிப் பேசினால் மனம் இளகும் என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் ஒரு கேள்வியை வைத்துவிட்டு நகர்ந்து நின்றுகொள்வார். மற்றதைச் சாட்சியே சொல்லிவிடும். இதைத் திறமை என்று சிலர் சொன்னார்கள். வேறு பெயர் வைத்தவர்களும் இருந்தார்கள்.

அரசியலிலும் அவர் பெரிய ஆள் இல்லை. ஒரு கட்சியில் இருந்தார், விலகினார், இன்னொன்றில் சேர்ந்தார். ஒன்றிய கவுன்சிலுக்கு இரண்டு தடவை நின்று தோற்றார். ஏன் விடாமல் நிற்கிறார் என்று மனைவி சத்தியபாமாவுக்கே புரியவில்லை. அவள் பள்ளிக்கூட டீச்சர். "கோர்ட்டுல பேசுதது காணாதுன்னு ரோட்டுலயும் பேசணுமாக்கும்" என்பாள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பெரியவர் காலமானதும் காடு மகன் செல்லத்துரைக்கு வந்தது. அவர் கோவில்பட்டியிலேயே குடியிருந்தார். அழகுத்தாய் தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். முதல் வருஷம் அவரும் வெற்றிலையை எடுத்தார். பிறகு சோலார் கம்பெனிக்காரர்கள் காடு காடாகக் குத்தகைக்குக் கேட்டு வந்தார்கள். குறுக்கே பாதை கிடந்தால் ஆகாது என்றார்கள். ஒரு நாள் காலையில் சிமெண்டுத் தூண்கள் வந்து இறங்கின. சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பிய அழகுத்தாய் முள்கம்பிக்கு முன்னால் நின்றாள். ஆடுகளும் நின்றன.

மிச்சம் இருந்தது ஓடை. சுற்றிக்கொண்டு, ஓடைக்குள் இறங்கி ஏறி, நெட்டூரணிக்கு வரவேண்டும். வெயில் காலத்தில் அது வெறும் தூரம். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் வந்துவிடும். அழகுத்தாயின் பேத்தி ஐஸ்வர்யா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அரையாண்டுப் பரீட்சைக்கு யூனிபாரத்தைத் தலையில் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனாள். அன்று இரவு மகன் சுடலைக்குமார் முடிவாகச் சொன்னான்.

"எம்மா, ஆட்டையெல்லாம் வித்துட்டு டவுனுக்கு வந்துரு. இங்கன மனுசன் இருக்க முடியாது."

"டவுனுல நான் என்னத்தல மேய்க்க? உன்னையவா?"

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. பாதை இல்லையென்றால் கீழக்கிடை இல்லை. அவளுக்கு அது தெரிந்திருந்தது.

கீழக்கிடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கு வக்கீல் இசக்கிச்செல்வி, தொழிலுக்கு வந்து கொஞ்ச காலமே ஆன பெண். செல்லத்துரைக்கு வக்கீல் திருப்பதி. நம்ம ஊர்க்காரர் எதிர்த்தரப்பில் நிற்கிறாரே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அழகுத்தாய்க்கு உள்ளுக்குள் சந்தோஷம். "அவிய கண்ணால பாத்தவியல்லா" என்றாள். "வெத்தல குடுத்தது, பெரியவுக எடுத்தது எல்லாம் தெரியும். இல்லன்னு எப்படிச் சொல்லுவாவ?"

அவர் இல்லை என்று சொல்லவில்லை.

அழகுத்தாய் கூண்டில் ஏறினாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று இசக்கிச்செல்வி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மூன்று தலைமுறையாக அந்தப் பாதையில் நடக்கிறோம் என்று அழகுத்தாய் சொன்னாள். அதுவரை நன்றாகப் போயிற்று. குறுக்கு விசாரணைக்குத் திருப்பதி எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"காலமான பெரியவரை உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"தெரியாமலா? தங்கமான மனுசரு."

"எப்படித் தங்கமானவர்?"

அழகுத்தாயின் முகம் மலர்ந்துவிட்டது. "நாங்க வருசா வருசம் ஆடியில தட்டு எடுத்துட்டுப் போவோம். ஒரு வருசங்கூட மொகம் சுளிச்சதில்ல. வெத்தலய எடுத்துட்டு, நடந்துக்கோங்க தாயின்னு சொல்லுவாவ. உங்களுக்குத் தெரியும்லா, நீங்களும் அங்கன இருந்தீகள்லா."

"நீங்கள் கேட்பீர்கள், அவர் சரி என்பார்."

"ஆமா."

"ஒருவேளை அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்?"

"சொல்ல மாட்டாவ."

"சொல்லியிருந்தால்?"

அழகுத்தாய் யோசித்தாள். செத்துப்போன மனிதரைப் பற்றி ஊர் முன்னால் குறைவாகப் பேசிவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலையாக இருந்தது. "அவிய காடு. அவிய வேண்டாம்னா நாங்க எப்படி நடக்க?" என்றாள்.

"வேறு கேள்வி இல்லை" என்று திருப்பதி உட்கார்ந்துவிட்டார்.

இசக்கிச்செல்வி தலையைக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றபோது விளக்கிச் சொன்னாள்.

"அக்கா, யாரையும் கேக்காம இருபது வருசம் ஒரு வழியில நடந்தா அது உரிமை. கேட்டு நடந்தா எத்தன வருசம் ஆனாலும் அது தயவு. தயவு பண்ணுன ஆள் எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கிடலாம்."

அழகுத்தாய் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "அப்போ மருவாதி இல்லாம நடந்திருக்கணுமா?"

"சட்டத்துக்கு அப்படித்தான்."

"பெரியவுகளும் வாயத் தொறக்காம இருந்திருக்கணும்?"

"அவரு தெரிஞ்சும் பேசாம இருந்திருந்தா நம்ம கேஸு நின்னிருக்கும். அவரு வாயால நடந்துக்கோங்கன்னு சொன்னதுதான் இப்ப நம்மள அடிச்சிட்டு."

"நல்ல சட்டந்தான் தாயி" என்றாள் அழகுத்தாய்.

வழக்கு தள்ளுபடியானது. அப்பீலுக்குப் போகலாமா என்று கேட்டபோது, கூண்டில் சொன்னதை இனி அழிக்க முடியாது என்று இசக்கிச்செல்வி கையை விரித்துவிட்டாள். செல்லத்துரை கடம்பூரிலிருந்து போளி வாங்கிவந்து வக்கீல் ஆபீசில் கொடுத்தார். குமாஸ்தா சோலைமுத்து மாடியிலிருந்து ஒரு பொட்டலத்தோடு இறங்கிவந்து, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த அழகுத்தாயிடமும் நீட்டினார்.

"எடுத்துக்கிடுங்கக்கா. கோர்ட்டு வேற, வயிறு வேற."

அழகுத்தாய் எடுத்துச் சாப்பிட்டாள். "போளி நல்லாத்தான் இருக்கு" என்றாள். "உங்க வக்கீலு தின்னாவளா?"

"அவரு இனிப்புத் தொடமாட்டாரு."

அது உண்மையா, அன்றைக்கு மட்டும் உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. திருப்பதி மூன்றாம் தடவையாக நின்றார். மார்கழி மாதம். மழை விட்டிருந்தாலும் கரிசல் இன்னும் காயவில்லை. நடந்தால் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. கீழக்கிடைக்கு ஓட்டுக் கேட்க வந்தவர் ஓடைக்குள் இறங்கி ஏறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். முழங்கால் வரை கறுப்பு. பின்னால் வந்த கட்சிக்காரர்கள் இன்னும் மோசம்.

பெண்கள் சிரித்தார்கள். "என்ன வக்கீலய்யா, செருப்பு கையில ஏறிட்டு?" என்றாள் ஒருத்தி.

"தண்ணி குடுங்கட்டி, பாவம்" என்று சொல்லிவிட்டு அழகுத்தாய் முன்னால் வந்தாள். "வந்த வழியெல்லாம் சௌகரியமா வக்கீலய்யா?"

"வழி எங்கன தாயி இருக்கு?"

"அதத்தான் நானும் கூண்டுல ஏறி நின்னு கேட்டேன்."

சிரிப்பு அடங்க நேரம் ஆனது. கட்சிக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். திருப்பதி சிரிக்கவில்லை. காலைக் கழுவிக்கொண்டார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பாதைக்கு ஏதாச்சும் பண்ணுதேன் தாயி. அது இல்லாம இங்கன யாரும் இருக்க முடியாது. அது உங்களுக்குச் சேர வேண்டிய பாததான்" என்றார்.

"இப்ப பேசுதது எந்த வாயி?" என்று கேட்டாள் அழகுத்தாய். "கோர்ட்டு வாயா, ஓட்டு வாயா?"

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கேள்வி நியாயமானதுதான் என்பதுபோல ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார். அழகுத்தாய்க்கு அன்று ஏமாற்றமாக இருந்தது. அவர் ஏதாவது ஒரு சமாளிப்புச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகத் திட்டியிருப்பாள்.

அந்தத் தடவை அவர் ஜெயித்தார். கீழக்கிடை ஓட்டுகளால் அல்ல.

கவுன்சிலரானதும் அவர் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பாதைக்காகச் செல்லத்துரையிடம் போய்ப் பேசினார். அங்கே நடந்ததைச் சோலைமுத்து பிற்பாடு டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். செல்லத்துரை நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி வரவழைத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னாராம்: "அண்ணாச்சி, அது பாதை இல்லன்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதான. நீங்க சொன்னதத்தான் நான் நம்பிக்கிட்டு இருக்கேன்."

ஒன்றிய அலுவலகத்திலும் கேட்டுப்பார்த்தார். அன்றைக்கு அழகுத்தாயும் மனு கொடுக்க வந்து வராந்தாவில் நின்றாள். உள்ளே இஞ்சினியர் பேசியது கேட்டது.

"பட்டாக் காட்டுல ரோடு போட முடியாது சார். போதாததுக்குப் பாதை கிடையாதுன்னு கோர்ட் தீர்ப்பு வேற இருக்கு. ரொம்பத் தெளிவான தீர்ப்பு. யார் நடத்துன கேஸோ தெரியல, ஒரு ஓட்டை விடல." பக்கத்தில் இருந்தவர் யாரோ மெல்ல ஏதோ சொன்னார். "ஓ, ஸாரி சார்" என்றார் இஞ்சினியர்.

திருப்பதி வெளியே வந்தார். அழகுத்தாய் கையிலிருந்த மனுவை நீட்டவில்லை, மடித்து மடியில் செருகிக்கொண்டாள். அன்று அவரைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் இரக்கமாக இருந்தது. அந்த இரக்கம் பஸ் வரும்வரைகூட நிலைக்கவில்லை. தான் கட்டிய சுவரில் தானே முட்டிக்கொண்டவருக்கு வலித்தால், அதற்கு அவள் என்ன செய்ய முடியும்?

அவருடைய பதவிக்காலம் முடிகிற சமயத்தில் திருப்பதியின் சித்தப்பா மகன்கள் பாகம் கேட்டார்கள். வெகுநாள் பொதுவில் கிடந்த தெற்குக்காடு பிரிந்தது. ஓடைக்கரையை ஒட்டிய பாதி திருப்பதிக்கு வந்தது. கீழக்கிடை மேட்டிலிருந்து அந்தக் காட்டின் ஓரமாக வந்தால், ஓடையில் இறங்காமல், நெட்டூரணி சுடுகாட்டுக்குப் பக்கத்தில் தார்ரோட்டைத் தொட்டுவிடலாம். பழைய பாதையைவிடச் சுற்றுதான். ஆனால் கால் நனையாது.

அந்த வருஷம் உழவுக்கு வந்த டிராக்டர்காரன் பாண்டியராஜன். அவன் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. காட்டை முழுக்க உழுதுகொண்டு வந்தவனைத் திருப்பதி வடக்கு ஓரத்தில் நிறுத்தினாராம். தானே முன்னால் நடந்து, காலால் ஒரு கோடு இழுத்தாராம்.

"இதுக்கு வடக்க உழாத."

"நல்ல மண்ணு சார். மக்காச்சோளம் போட்டா ஆளுயரம் நிக்கும். எதுக்கு விடச் சொல்லுதீங்க?"

"விடு."

"ஒரு வண்டி அகலம் இருக்கு."

"விடுன்னு சொன்னேன்லா" என்றாராம்.

விதைப்பு முடிந்து பயிர் எழும்பியபோது அந்தத் துண்டு தனியாகத் தெரிந்தது. முதலில் அதைக் கண்டுபிடித்தவை ஆடுகள்தான். அவற்றின் பின்னால் அழகுத்தாய் நடந்தாள். யாராவது வந்து விரட்டுவார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மறுநாள் பால்காரர் சைக்கிளில் போனார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கார்த்திகையில் ஓடை நிறையத் தண்ணீர் போனபோது, நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்த ஐஸ்வர்யா வெள்ளை யூனிபாரம் கசங்காமல் பஸ் ஏறினாள். பூட்டிக் கிடந்த வீடுகளில் ஒன்று திறந்தது. சுடலைக்குமாரும் டவுன் பேச்சை எடுக்கவில்லை.

ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். அடுத்த எலக்‌ஷனுக்கு விதை போடுகிறார் என்றார்கள் சிலர். கட்சிக்காரர்கள் அதையே நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டு, "பேசாமப் பஞ்சாயத்துக்குத் தானமா எழுதிக் குடுத்துருங்க அண்ணாச்சி, உங்க பேருலயே ரோடு போட்டுருவோம்" என்றார்கள். அப்படி எழுதியிருந்தால் எல்லாம் அன்றோடு தீர்ந்திருக்கும். அவர் எழுதவில்லை. எழுதமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவரைப் பாராட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்குவது நல்லது. கொடுப்பதாக இருந்தால் கொடுத்திருக்கலாமே என்ற கேள்விக்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை. இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று மட்டும் கட்சி ஆபீசில் ஒரு நாள் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த ஆடி பிறந்தது. அழகுத்தாய் பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தாள். அது பரணில் ஏறி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு மனிதன் காட்டை விட்டுக்கொடுத்திருக்கும்போது வெறுங்கையோடு நடப்பது அவளுக்குத் திருட்டுப்போலப் பட்டது. பழைய கோபமெல்லாம் சரிதான். அதற்காக மரியாதை இல்லாமல் போய்விடுமா?

ஞாயிற்றுக்கிழமை அவர் நெட்டூரணி வீட்டில் இருப்பார். இரண்டு பெண்களோடு தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் செருப்பு கிடந்தது. சத்தியபாமா வெளியே வந்து தட்டைப் பார்த்தாள்.

"உக்காருங்க. இப்பத்தான் இங்கன நின்னாவ" என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். கொல்லைப்பக்கம் மோட்டார்பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. சத்தியபாமாவுக்கே வெட்கமாகிவிட்டது. "செருப்புக்கூடப் போடாம போறாவ பாருங்க. அவியளுக்கு வெத்தலப் பழக்கம் கிடையாது, அதான்" என்று எதையோ சொன்னாள்.

"திங்கவா குடுக்கோம்?" என்றாள் அழகுத்தாய்.

மறுநாள் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனாள். சோலைமுத்து மாடிப்படியிலேயே மறித்தார். "கோர்ட்டுக்குப் போயிருக்காரு அக்கா." மேலே திருப்பதி யாரோடோ பேசுகிற குரல் நன்றாகக் கேட்டது. அழகுத்தாய் மேலே பார்த்தாள், சோலைமுத்து மிட்டாய்க் கடையைப் பார்த்தார்.

"என்னக் கண்டா அவியளுக்கு என்ன சோலைமுத்து? நான் என்ன கடனா கேக்க வந்தேன்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. தட்டோட வந்தா ஆபீசுல இல்லன்னு சொல்லிருன்னாரு. அவ்வளவுதான்."

"தட்டு இல்லாம வந்தா?"

"அதச் சொல்லல."

திரும்பிவருகிற பஸ்ஸில் அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலக்‌ஷனில் ஓட்டுப் போடாததை மனதில் வைத்திருக்கிறார் என்று கூட வந்தவள் சொன்னாள். கீழக்கிடைக்காரியிடம் வெற்றிலை வாங்கினால் கௌரவம் குறைந்துவிடுமாக்கும் என்றாள். இருக்கலாம் என்று அழகுத்தாய்க்கும் தோன்றியது.

அந்த வாரமே அவரை நேருக்கு நேர் பார்த்தாள். ஆடி உழவுக்கு டிராக்டர் வந்திருந்தது. பாண்டியராஜன் காட்டின் நடுவில் உழுதுகொண்டிருக்க, திருப்பதி வடக்கு ஓரத்தில், அந்தத் துண்டின் மேலேயே நடந்து வந்தார். எதிரே ஆடுகள், பின்னால் அழகுத்தாய். ஒதுங்க இடமில்லை. வடக்கே அடுத்த காட்டின் வேலி, தெற்கே புதிதாகப் புரண்ட கரிசல்.

அவள் மடியில் வெற்றிலை இருந்தது. சுருட்டி வைத்திருந்ததில் ஒன்றை உருவி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"காடு உழுதீகளாமே வக்கீலய்யா."

அவர் நின்றார். வெற்றிலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பெரியவர் கடையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பையனின் முகம் அந்த முகத்தில் எங்கேயோ இருந்தது. டிராக்டர் தூரத்தில் திரும்புகிற சத்தம் கேட்டது.

"இந்த வருசம் எத்தன குட்டி?" என்று கேட்டார்.

"குட்டி கெடக்கட்டும். ஒரு வார்த்த, நடந்துக்கோங்கன்னு சொல்லிருங்க. மனசு ஆறிக்கிடும்."

அவர் எதுவும் சொல்லவில்லை.

"இல்ல, நடக்காதீங்கன்னாச்சும் சொல்லுங்க."

அதையும் சொல்லவில்லை.

"கூண்டுல வச்சி அவ்வளவு பேசுனீக. ஓட்டுக்கு வந்து அவ்வளவு பேசுனீக. இப்ப ஒரு வாயும் தொறக்க மாட்டேங்குதே" என்றாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதை ஒரு ஆடு எட்டிப் பார்த்தது.

வாங்கியிருக்கலாம். ஒரு இலை. பெரியவர் ஆயுசு முழுக்க வாங்கினார். வாங்கினால் அவள் சந்தோஷமாகப் போவாள். ஊர் அவரை நல்லவர் என்று சொல்லும். கீழக்கிடை ஆடிக்கு ஆடி அவர் வாசலில் வந்து நிற்கும், பாதையும் எத்தனை வருஷம் ஆனாலும் தயவாகவே இருக்கும். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். துண்டை விட்டு இறங்கி, உழுத மண்ணில் கால் புதைய, ஆடுகளுக்கும் அவளுக்கும் வழிவிட்டு நின்றார். வாயைத் திறக்கவே இல்லை.